எங்கே என்று கேட்காத வீடு

ஏறியது பதினேழு பேர். வண்டிக்குள் கம்பத்தில் இருக்கிற பெட்டியில் பயண அட்டையைக் காட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும், அது பதினாறு முறைதான் வந்தது. ஒருத்தர் குறைகிறார். கதவோரம் சாம்பல் கோட்டு போட்டு நிற்கிறவர்தான், பார்த்தாலே தெரிகிறது. டிக்கெட் எடுக்காதவருக்கு எந்த ஊரிலும் ஒரே முகம், ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு அக்கறையாகப் பார்ப்பார். எனக்கென்ன வந்தது, இது என் வண்டி இல்லை. சரகோசாவின் இந்த ட்ராமுக்குக் கண்டக்டரே கிடையாது. ஐந்து பெட்டியைக் கோத்த நீள வண்டி, விசில் இல்லாமல் நிற்கிறது, ரைட் சொல்ல ஆளில்லாமல் கிளம்புகிறது. ஸ்பெயினுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் கை தானாக நெஞ்சுக்குப் போகும், விசில் தொங்கிய இடத்துக்கு. உடுமலை–திண்டுக்கல் தடத்தில் முப்பத்து நாலு வருஷம் போய்ப் போய்ப் பழகிய கை. இப்போது போவதில்லை. வந்து ஏழு மாதமும் பதினொரு நாளும் ஆகிவிட்டது. கை இப்போது மடியில் உள்ள பையைப் பிடித்திருக்கிறது. பைக்குள் இரண்டு நோட்டு, ஒன்று என்னுடையது, ஒன்று என் மகன் மூர்த்தியுடையது. இங்கிருந்து பன்னிரண்டு நிறுத்தம். மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டேகாலுக்கு என் மகனிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மூன்றே சொல். அதோந்தே கியெரெஸ் ஈர். எங்கே போக விரும்புகிறாய். அவன் சொல்கிற பதிலை ஒரு அம்மாள் படிவத்தில் எழுதிக்கொள்வாள். அதன்படி ஒன்று அவன் என்னோடு உடுமலைக்கு வருவான், இல்லாவிட்டால் இங்கேயே இருந்துகொள்வான், நான் மட்டும் போவேன். எனக்குத் தங்க அனுமதி இன்னும் ஒன்பது நாள். மூன்று சொல்லில் இத்தனையும் இருக்கிறது. முதல் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கியது நாலு, ஏறியது ஆறு, சாம்பல் கோட்டு இறங்கவில்லை.

காலை வகுப்பில் அந்த மூன்று சொல்லை ஆறு முறை சொல்லிப் பார்த்தேன். டீச்சர் அசுன்சியோன் என்னைவிட நாலு வயது சின்னவள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். "நாச்சோ, தரையிடம் கேட்காதீர்கள், ஆளிடம் கேளுங்கள்" என்றாள். என் பெயர் நாச்சிமுத்து. இந்த ஊரில் நாச்சோ என்று ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறதாம், முதல் நாளே அதை எனக்கு மாட்டிவிட்டார்கள். பெரியவர்களுக்கான பள்ளி அது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருகிற வகுப்பு, ஒன்பது பேர். நான் எட்டாவதோடு பெஞ்சிலிருந்து எழுந்தவன். ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன், அதுவும் இப்படி ஒரு குளிர்தேசத்தில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. படம் ஒட்டி ஒரு அட்டை கொடுத்தார்கள், மாணவர் என்று போட்டிருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாமல் நான் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் வாய் திறக்க வராது. காக்கிச் சட்டை போட்டிருந்தவரை எண்பது பேர் வண்டியில் கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரி கத்துவேன், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் குரலும் அங்கேயே தொங்கிவிடும். பக்கத்து நாற்காலி ஃபதூமா, செனகல்காரி, முடி பின்னிவிடுகிற வேலை பார்க்கிறாள். "என்னைக் கேளுங்க நாச்சோ, எங்க போகணும்னு கேளுங்க" என்று தோளில் தட்டினாள். கேட்டேன். "உங்க ஊருக்கு. உங்களுக்குச் சமைச்சுப் போட ஆளில்லைன்னு சொன்னீங்களே. ஆனா என் புருஷனையும் கூட்டிட்டு வருவேன், அவன் நாலு ஆள் சாப்பாடு சாப்பிடுவான், பரவாயில்லையா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தது காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டேன். "நல்லா இருந்தது, இன்னொரு முறை" என்றாள் அசுன்சியோன். அவளுக்கு மட்டும்தான் தெரியும், இது பாடமில்லை என்று.

இரண்டாவது நிறுத்தம். மூன்றாவது. என் நோட்டில் நேற்றுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு சொல். தேதிவாரியாக இருக்கிறது. மூர்த்திக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணிச் சொல்கிறாள். அவனுக்கு வாரம் முப்பது சொல் கூடுகிறது, எனக்கு இருபத்தொன்று. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் சேர்ந்த மாதிரிதான், ஆனால் அவன் முன்னே போய்க்கொண்டிருக்கிறான், நான் பின்னால் ஓடுகிறேன். படிப்பில் அவனோடு போட்டி போட எனக்கு எந்தக் காலத்தில் முடிந்தது. காற்றாலை படிப்பு படிக்க வந்தவன். உடுமலைப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவன், இந்த ஊரிலும் காற்று அதிகம் என்று தேடிப் பிடித்து வந்தான். அந்தக் காற்றுதான் தள்ளியது என்கிறார்கள். சைக்கிளில் போயிருக்கிறான், ட்ராம் தண்டவாளத்துப் பள்ளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டது, பக்கவாட்டில் ஒரே காற்று. இடது பக்கத் தலையில் அடி. நாற்பது நாள் நினைவில்லை. நான் வந்து பதினாறாம் நாள் கண் திறந்தான். என்னைப் பார்த்தான். "கண்ணு, அப்பா வந்திருக்கறன்" என்றேன். அவன் என் வாயைப் பார்த்தான். கண்ணைப் பார்க்கவில்லை, வாயை. மழை பெய்வதைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் நர்ஸ் ஏதோ கேட்டாள், அவளுக்குப் பதில் சொன்னான், திக்கித் திக்கி, அவர்கள் பாஷையில். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்தச் சத்தத்தை மட்டும் மனதில் பிடித்துவைத்துச் சாயங்காலம் அவன் வீட்டில் இருக்கிற நூரியாவிடம் சொல்லிக் கேட்டேன், கைப்பேசியில் மாற்றிக் காட்டினாள்: என் அப்பா. அவர் என் அப்பா என்றுதான் சொல்லியிருக்கிறான். என்னைத் தெரிகிறது. என் பேச்சுத்தான் தெரியவில்லை. டாக்டர் படம் வரைந்து விளக்கினார். ஒருவனுக்கு இரண்டு பாஷை இருந்தால், அடிபட்ட பிறகு சில நேரம் ஒன்று மட்டும் திரும்பி வருமாம். மற்றது வரலாம். வராமலும் போகலாம். பிறந்ததிலிருந்து பேசியது போய், நாலு வருஷம் பேசியது தங்கிவிட்டது. நான் நியாயம் கேட்க யாருமில்லை. அந்த வாரமே நூரியா என்னைக் கூட்டிப்போய்ப் பள்ளியில் சேர்த்தாள்.

நாலாவது, பிளாசா எஸ்பான்யா. இங்கே கூட்டம் ஏறும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று, தள்ளுவண்டியோடு ஒரு தாய், இருபத்து நாலு. இதற்கு மேல் எண்ண முடியவில்லை, தலைகள் மறைக்கின்றன. நூரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அவள் மூர்த்தியோடு ஒரே வீட்டில் இருக்கிற பெண். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒரு டம்ளரில் பல் தேய்க்கிற பிரஷ் இரண்டு இருந்தது, பார்த்தேன், சரி என்று குளித்துவிட்டு வந்தேன். அவன் படிக்கிற அறையை எனக்குக் கொடுத்துவிட்டாள். அவன் மேசையில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன், அவன் விளக்கில், அவன் பென்சில் சீவியில் சீவி. "சாப்பிட்டாச்சா" என்ற ஒரு சொல் அவளுக்குத் தமிழில் தெரியும், அதையே காலையிலும் சொல்வாள், வேலைக்குக் கிளம்பும்போதும் சொல்வாள், ஒரு நாள் அவன் படுக்கையருகில் அழுதுகொண்டு இருந்துவிட்டு எழுந்தவள் என்னைப் பார்த்ததும் அதையே சொன்னாள். நல்ல பெண். நல்ல பெண் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து என் தங்கச்சி வஞ்சியம்மாள் தினம் போன் பண்ணுகிறாள். "ஏனுங்ணா, அந்தப் புள்ளை கிட்ட என்னத்துக்கு யோசனை கேக்கறீங்க? பையனக் கூட்டிட்டு வந்து சேருங்க. நாலு நாளு நம்ம பேச்சு காதுல உழுந்தா எல்லாந் தன்னால வந்துரும். நானொருத்தி பேசற பேச்சே பத்தாதா?" "பத்தும் ஆத்தா, மிச்சமே ஆகும்" என்பேன். "சிரிப்பு வருதா உங்களுக்கு? இங்க கெடந்தா அவன் நம்ம பையனே இல்லாம போயிருவானுங்ணா." அதைத்தான் நானும் நினைக்கிறேன். டாக்டர் விமானத்தில் போகலாம் என்று சொல்லிவிட்டார். நான் கூட்டிப்போகலாம், தகப்பன், யார் தடுப்பார்கள். ஆனால் அங்கே போனால் அவனோடு பேச யார் இருக்கிறார்கள். உடுமலை முழுக்கத் தேடினாலும் அவன் பாஷை தெரிந்தது நான் ஒருவன்தான். என்னிடம் இருப்பது அறுநூற்றுப் பன்னிரண்டு சொல். ஒரு ஆளை அறுநூற்றுப் பன்னிரண்டு சொல்லுக்குள் வைத்துக் காலம் முழுக்கக் காப்பாற்ற முடியுமா. பசிக்கிறதா, வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, ஜன்னலைத் திறக்கட்டுமா. அதோடு முடிந்தது.

ஐந்து. போன வாரம் அந்தப் படிவத்து அம்மாள், மருத்துவமனையின் சமூக சேவகி, மெதுவாக, எனக்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "அவருக்கு முப்பது வயது. யோசிக்கத் தெரிகிறது. அவர்தான் சொல்ல வேண்டும். கேட்பது நீங்களாக இருங்கள். நான் கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார், எல்லோரும் அப்படித்தான்." சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து நடைபாதையில் நின்ற பிறகுதான் உறைத்தது, என்னை எதைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள் என்று. எங்கே என்று. எங்கள் வீட்டில் அதை மட்டும் கேட்க மாட்டோம். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான், வாசலைத் தாண்டுகிறவனிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும், வழியில் தடங்கல் வரும். சௌந்தரம், என் சம்சாரம், வந்த வீட்டில் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டும்போது சமையல்கட்டிலிருந்து, "தூரமா?" என்பாள். அவ்வளவுதான் கேட்கலாம். நான், "பக்கந்தான்" என்பேன். திண்டுக்கல்லுக்கு இரண்டு நடை போகிறவன், விடிந்தால் கிளம்பி இருட்டினால் வருகிறவன், "பக்கந்தான்" என்பேன். அதற்கு அர்த்தம் எத்தனை கிலோமீட்டர் என்பதில்லை. திரும்பிவிடுவேன் என்பது. வாசலைத் தாண்டியதும் சட்டைக்குள்ளிருந்து குரல் வந்துவிடும், நாள் முழுக்க எங்க, எங்க போகணும், ஏனம்மா எங்க, பெரியவரே எங்க, சாமிநாதபுரமா மடத்துக்குளமா, சொல்லுங்க எங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைக் கேட்டிருப்பேன். முப்பத்து நாலு வருஷம். ஊரில் உள்ள அத்தனை பேரையும் எங்கே என்று கேட்டவன், என் வீட்டு வாசலில் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. மூர்த்தி பன்னிரண்டாவது படிக்கும்போது சௌந்தரம் போய்விட்டாள். அன்றும் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளைத் தூக்கும்போது நான்தான் வாய்க்குள்ளேயே தூரமா என்றேன், யாருக்கும் கேட்டிருக்காது. அதற்குப் பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. அவன் சைக்கிளை எடுப்பான், நான் தூரமா என்பேன், அவன் பக்கந்தான் என்பான். இரண்டு பேர் இருந்த வீடு, இரண்டு சொல்லில் நடந்தது.

ஆறு. இனிமேல் ஆற்றுப் பாலம். இவன் இங்கே புறப்பட்ட அன்று கோயம்புத்தூர் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றோம். வஞ்சியம்மாள் அழுதாள், ஊறுகாய் பாட்டில் உடையாதே என்று அதற்கும் சேர்த்து அழுதாள். பெட்டி இரண்டு, தோள்பை ஒன்று, சட்டை பதினொன்று, நானேதான் எண்ணி வைத்தேன். அவன் தோள்பையை மாட்டினான். நான், "தூரமா?" என்றேன். வேறு எதுவும் வரவில்லை. அவன் பக்கந்தான் சொல்லவில்லை. சிரித்தான். "எட்டாயிரம் கிலோமீட்டருங்ப்பா" என்றான். நானும் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கதவு திறந்து மூடியது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு அது உறுத்திக்கொண்டே வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே. விளையாட்டுக்குத்தான், படித்த பையன், சரியான தூரம் சொன்னான், தப்பென்ன. தப்பில்லை. ஆனால் அது திரும்பிவருகிற பதில் இல்லை. நாலு வருஷத்தில் ஒரே முறை வந்தான், பதினெட்டு நாள் இருந்தான். அவன் விழுந்த அன்று சாயங்காலம் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. போன் மேசையிலேயே இருந்தது. "கதவருகில் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனான், நான் குளித்துக்கொண்டிருந்தேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை" என்றாள் நூரியா. நான் அவளைக் குறைசொல்ல முடியுமா. நான் கேட்டிருந்தால் மட்டும் என்ன, எங்கே என்றா கேட்டிருப்பேன்.

பதினாலாம் பக்கம். இதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கிக்கொண்டு வருகிறேன், பாலம் வந்தால் நினைவுக்கு வந்துவிடுகிறது. பையில் இருக்கிற இரண்டாவது நோட்டு, மூர்த்தி இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் ஸ்பானிஷ் கற்ற நோட்டு. மேசை இழுப்பறையில் இருந்தது. எனக்குப் பள்ளியில் என்னென்ன பாடமோ அதே பாடம், அதே வரிசை, என் பெயர் இது, என் ஊர் இது, கடையில் தக்காளி கேட்பது. அவன் எழுத்தைப் பார்த்து எழுதித்தான் எனக்கே கை வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவன் பின்னாலேயே போனேன். பதினாலாம் பக்கத்தில் தலைப்பு, என் குடும்பம். வந்த இரண்டாவது மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்தேன், பாதி சொல் தெரியவில்லை. நூரியாவிடமோ கைப்பேசியிடமோ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் என்னைப் பற்றி எழுதியதை நானே படிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். நாலாம் மாதம் படித்துவிட்டேன். ஏழு வரி. என் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. என் அப்பா பஸ் கண்டக்டர். என் அப்பா குறைவாகப் பேசுவார். என் அப்பா எல்லாவற்றையும் எண்ணுவார். என் அம்மா இல்லை. பஸ்ஸில் என் அப்பா எல்லோரிடமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். என்னிடம் கேட்டதில்லை. கீழே சிவப்பு மையில் ஒரு சரி போட்டு, மிக நன்று என்று யாரோ டீச்சர் எழுதியிருக்கிறார்கள். மிக நன்று. நான் அன்று சாப்பிடவில்லை. அவனுக்குத் தெரியும்தானே. நம் வீட்டில் ஏன் கேட்பதில்லை என்று தெரியாமலா இருப்பான், அவன் அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். தெரிந்தே எழுதினான் என்றால் வேடிக்கையாக எழுதியிருக்க வேண்டும், வகுப்பில் சிரிப்பதற்கு. இல்லை, தெரிந்தும் உள்ளே ஒன்று இருந்ததா. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நான் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேனா என்று நின்றானா. படித்துவிட்டு எந்த ஊரில் இருப்பாய், யாரோடு இருப்பாய், திரும்பி வருவாயா, இதையெல்லாம் ஒரு தகப்பன் கேட்பான் இல்லையா. தடங்கல் வரக்கூடாது என்றுதானே கண்ணு கேட்கவில்லை. அதைச் சொல்ல அவனிடம் எந்தப் பாஷையில் போவேன்.

நோட்டை அசுன்சியோனிடம் காட்டினேன். எல்லோரும் போன பிறகு. இதை எழுதினவன் சிரிக்கிறானா, வருத்தமாக இருக்கிறானா என்று கேட்டேன், அந்தக் கேள்வியைத் தயார் பண்ணவே இரண்டு நாள் ஆனது. கண்ணாடியை ஏற்றிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "பிழை இல்லை" என்றாள் முதலில், பழக்கத்தில். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினாள். "இதை வைத்துச் சொல்ல முடியாது நாச்சோ. முதல் மாதத்து நோட்டு. முதல் மாதத்தில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள். அம்மா இல்லை. அப்பா கேட்டதில்லை. சிரிப்பதற்கும் அழுவதற்கும் தேவையான சொல் இன்னும் வந்திருக்காது." பிறகு, "உங்கள் நோட்டும் அப்படித்தான் இருக்கிறது" என்றாள். எடுத்துப் பார்த்தேன். என் குடும்பம் என்ற தலைப்பில் நான் எழுதியது ஐந்து வரி. எனக்கு ஒரு மகன். அவனுக்கு உடம்பு சரியில்லை. அவன் நன்றாகப் படிப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் இங்கே இருக்கிறேன். அதற்கும் ஒரு சிவப்புச் சரி இருந்தது.

பாலம். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, கண்ணாடி அதிர்கிறது. ஆறு பழுப்பாக, முறுக்கிக்கொண்டு ஓடுகிறது. அமராவதியில் இவ்வளவு தண்ணீரை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஏழு. எட்டு. அவன் இங்கே என்று சொல்லிவிட்டால். சொல்லத்தான் சொல்வான். சொல்லாமல் உடுமலை என்றால், கூட்டிப்போய் வைத்துக்கொண்டு என்ன செய்வேன், இரண்டு பேரும் ஜன்னலைத் திறக்கட்டுமா மூடட்டுமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இருந்தால் என்ன. இருப்போமே. முன்பு இரண்டு சொல்லில்தானே இருந்தோம். ஒன்பது. கேட்காமலே விட்டால் என்ன. நான் கேட்டேன், உடுமலை என்று சொன்னான், உங்களுக்குக் கேட்கவில்லையா என்று அந்த அம்மாளிடம் சொன்னால். சீ. ஒரு ஸ்டேஜ் முன்பின்னாகக்கூட இன்வாய்ஸ் என்கிற டிக்கெட் கணக்குத்தாளை எழுதாதவன் நான், செக்கிங் வண்டி மறிக்கிற போதெல்லாம் என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவார்கள். பத்து. அதோந்தே கியெரெஸ் ஈர். பதினொன்று. சாம்பல் கோட்டுக்காரர் இறங்குகிறார். கடைசிவரை யாரும் கேட்கவில்லை அவரை. கதவைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டு வந்தது தெரிந்துவிட்டதோ என்னவோ, லேசாகத் தலையைக் குனிந்தார்.

பன்னிரண்டு. இங்கிருந்து முந்நூற்றுப் பத்து அடி நடை, படி எட்டு, இரண்டாவது மாடி, வலது பக்கம் ஆறாவது கதவு. மூர்த்தி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், கைத்தடி சுவரில் சாய்ந்திருக்கிறது, முடி வெட்டியிருக்கிறார்கள், தையல் போட்ட இடம் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. நூரியா வேண்டுமென்றே வரவில்லை, தான் இருந்தால் அவன் தன்னைப் பார்த்துத்தான் பேசுவான் என்று நேற்றே சொல்லிவிட்டாள். படிவத்து அம்மாள் மட்டும். "வணக்கம், அப்பா" என்றான் மூர்த்தி, அவர்கள் பாஷையில். வணக்கம் என்றேன் நானும் அதே பாஷையில். உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்தேன். அந்த அம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தரையிடம் கேட்காதீர்கள். நிமிர்ந்தேன், வாயைத் திறந்தேன், வந்தது என் வீட்டுக் குரல் இல்லை, அது அந்தக் காக்கிச் சட்டைக் குரல், கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல், அந்தச் சின்ன அறையில் இடி மாதிரி விழுந்தது: அதோந்தே கியெரெஸ் ஈர்! அந்த அம்மாளின் பேனா தடுக்கியது. மூர்த்தி என்னையே பார்த்தான். வாயை அல்ல. எங்கோ கேட்ட சத்தம் என்று தேடுகிற மாதிரி கண்ணைப் பார்த்தான். சின்ன வயதில் லீவு நாளில் என் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து வருவான், ஒட்டன்சத்திரம் வரைக்கும் இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வருவான். நான் எண்ணினேன். இருபத்து மூன்று வரை எண்ணினேன். "ஆக்கி" என்றான். இங்கே. பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தான்: "இங்கே. நூரியாவோடு. என் வீட்டில்." அந்த அம்மாள் எழுதினாள். பேனா ஓடுகிற சத்தம் நின்றது. "கேட்டதற்கு நன்றி, அப்பா" என்றான் மூர்த்தி. அவன் விருப்பத்தைக் கேட்டதற்கா நன்றி, கடைசியில் எங்கே என்று நான் கேட்டேன் என்பதற்கா, அதைப் பிரிக்க என்னிடம் சொல் இல்லை, அவனிடமும் இருந்திருக்காது. பரவாயில்லை என்றேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த சொல், முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

பையிலிருந்து அவன் நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளினேன். அந்த அம்மாளுக்குத் தலையாட்டினேன். அழக் கூடாது என்று தரை ஓடுகளை எண்ணினேன், கதவுவரை பதினாலு. பதினோராவது ஓட்டில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து அவன் குரல். "லேஹோஸ்?" என்றான். தூரம். அந்த ஒரு சொல்தான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "அப்படி இல்லை மூர்த்தி, அதோந்தே என்று கேட்க வேண்டும். எங்கே போகிறாய் என்று கேள்" என்று திருத்தினாள். நான் திரும்பினேன். மூர்த்தி அவளைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான். "இல்லை" என்றான். நெற்றி சுருங்கியிருந்தது, எதையோ கையால் தடவிப் பிடிக்கிற மாதிரி. ஏன் இல்லை என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் அது இல்லை என்று தெரிந்திருந்தது. மறுபடி என்னைப் பார்த்து, சமையல்கட்டிலிருந்து கேட்கிற அதே இழுப்பில், "லேஹோஸ்?" என்றான். ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு எட்டாயிரம் கிலோமீட்டர், அவனே சொன்ன கணக்கு. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு பயணியிடமும் நான் தூரத்தைத் தப்பாகச் சொன்னதில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு சொல்லில் அதற்கு எதிர்ச்சொல் ஐம்பதுக்குள்ளேயே வந்துவிட்டது, தேதிகூட நினைவிருக்கிறது. கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"தெர்க்கா" என்றேன். பக்கந்தான்.